எவ்வளவு உயரம் வரும்?

டென்சில் லஸ்கோமின் கோட்டில் ரத்தக் கறை இருந்தது. அதைத் துடைக்கக்கூட அக்கறை இல்லாத ஆள். பட்டி வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, லவ்டேயின் குதிரைக்குட்டியைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தான்.

"இது எவ்வளவு உயரம் வரும்?" என்றான்.

லவ்டே குட்டிக்கு முன்னால் நகர்ந்து நின்றாள். டார்ட்மூர் மேட்டிலிருந்து குதிரைகளை ஓட்டிவந்து விற்கும் வருடாந்தரச் சந்தை அது. கறிக்கு வாங்குகிற ஆள் ஒருவன் வந்திருப்பதாகக் காலையிலிருந்தே பேச்சு. இவனேதான்.

போன வருடமும் இப்படித்தான். பக்கத்துப் பட்டிக் குட்டிகள் லாரியில் ஏறும்வரை அவை எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது லாரி பாலத்தைத் தாண்டிவிட்டது.

குட்டிக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆண் குட்டி, மேட்டில் விட்டுவைக்க அனுமதி கிடையாது. வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால், இருக்கிற காய்ந்த புல் பெட்டைகளுக்கே போதாது. விற்றாக வேண்டும். யாரிடம் என்பது மட்டும்தான் அவள் கையில் இருந்தது.

"காது கேக்கலையா கண்ணு? எவ்வளவு வரும்னு கேட்டேன்."

"ஒண்ணும் பெருசா வராது. இவன் அம்மாவே ஆட்டுக்குட்டி சைஸுதான்."

"வாயால சொல்லாத. நூலைப் புடி, பாத்துடுவோம்."

மறுக்க முடியாது. மேட்டுக்காரர்கள் எல்லோர் பையிலும் ஒரு நூல் இருக்கும். முன்னங்காலின் முழங்கையிலிருந்து குளம்புக்கு மேலே இருக்கும் கணுவரை அளந்து, அதே நூலை முழங்கையிலிருந்து மேல்நோக்கித் திருப்பிப் பிடிப்பார்கள். நுனி எங்கே நிற்கிறதோ, அதுதான் வளர்ந்தபின் குதிரையின் உயரம். அதைக் கைக் கணக்கில் சொல்வார்கள்; ஒரு கை என்றால் நாலு அங்குலம்.

கறிக்காரனுக்குப் பெரிய உடம்புதானே லாபம். லவ்டே குனிந்தாள். கணுவைத் தொடாமல், நாலு விரல் மேலேயே நூலைக் கிள்ளிப் பிடித்தாள்.

"பதினொரு கை. அதுக்கு மேல ஒரு விரல்கூட ஏறாது."

"பதினொண்ணா! நாய்க்குட்டி வாங்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" டென்சில் காறித் துப்பினான். "காலு நல்லாருக்கு, நெஞ்சு நல்லாருக்கு. வளத்தி இல்லையே."

"அப்ப போங்க. வேற பட்டியப் பாருங்க."

"போறேன், போறேன். உனக்கு வாய் மட்டும் பதினாலு கை வரும்."

அடுத்து வந்தவர் மரியாதையான மனிதர். பச்சை மேல்சட்டை, சுத்தமான பூட்ஸ். மார்வுட் என்று பெயர் சொன்னார். கையை நீட்டி, குட்டி தானாக வந்து முகர்ந்து பார்க்கும்வரை பொறுமையாக நின்றார். அது அவர் சட்டைப் பொத்தானை நக்கியது.

"பூச்சி மருந்து, ஊசி ஏதாவது குடுத்திருக்கீங்களாம்மா?"

"ஒரு சொட்டு கிடையாது. மேட்டுப் புல்லும் தாய்ப்பாலும்தான்."

"ரொம்ப நல்லது." அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"உயரம் கேக்கலையே நீங்க?"

"எவ்வளவு வந்தாலும் சரிதாங்க."

இப்படியும் ஒரு மனிதர். "உங்க எடத்துல பசங்க இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமை வந்து பாருங்க. மொய்ச்சிடுவாங்க. சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டா வேலியைப் புடிச்சிக்கிட்டு அழுவுதுங்க."

லவ்டே உள்ளங்கையை நீட்டினாள். அவர் தட்டினார். அந்தச் சந்தையில் கையில் கை தட்டினால் பேரம் முடிந்தது. அதற்குப்பின் பேச்சு மாறினவர்களிடம் எந்த வருடமும் யாரும் வாங்க மாட்டார்கள்.

டீ வண்டி வரிசையில் டென்சில் அவளுக்கு முன்னால் நின்றான். கட்டைவிரலில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான்.

"என்ன, அந்த நாய்க்குட்டிய வித்தாச்சா?"

"வித்தாச்சு. நல்ல மனுஷருக்கு. கறிக்கு இல்ல."

"கறிக்கா? யாரு, நானா?" அவன் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "அடிப்பாவி! வேலிக் கம்பியில விரலைக் கிழிச்சிக்கிட்டு நிக்கிறேன், கறிக்காரன்ங்கிறா! பேத்திக்குத் தேடுறேன் கண்ணு. ஒம்பது வயசுலயே என் தோளுக்கு வந்துட்டா. குட்டி சவாரிக்கு ஆவுறதுக்குள்ள என்னையே தாண்டிடுவா. பதினொரு கையில ஏத்துனா கால் தரையில இழுபடும்."

லவ்டேக்கு முகம் எரிந்தது. அந்தக் குட்டி அந்தப் பெண்ணுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். போகட்டும், இப்போதும் நல்ல இடம்தானே கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பொய் சொன்ன வாயால் வாங்கியவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வரிசையை விட்டு நடந்தாள்.

மார்வுட்டின் வண்டியில் பின்கதவு பாதி மூடியிருந்தது. உள்ளே அவள் குட்டியோடு இன்னும் இரண்டு நின்றன. ஒன்று பல் போன கிழட்டுப் பெட்டை. இன்னொன்று ஒரு காலை ஊன்ற முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தது. நொண்டியைக்கூட விட்டுவிடாமல் வாங்கியிருக்கிறாரே, என்ன மனசு!

"ஒண்ணு சொல்லணும்ங்க. இவன் பன்னெண்டு கை வருவான், நிச்சயமா. சேணத்தை இப்பவே வாங்கிடாதீங்க. நாலு வருஷம் போகட்டும்."

மார்வுட் கொண்டியைப் போடப்போன கையை நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் கை தட்டுனீங்கன்னு நெனச்சேன்."

"என்ன தெரிஞ்சு?"

உள்ளே குட்டி பலகையை உதைத்தது. அவர் கதவை முழுதாகச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

"எங்க சிங்கங்க உயரம் பாக்காதும்மா."