தலைமாட்டு விளக்கு

கண்ணாடியில் பனி இல்லை.

காலையில் இருந்தது. ஃப்ரீசர் பெட்டியை நடுக்கூடத்தில் இறக்கி, பிளக்கைச் செருகிய கொஞ்ச நேரத்தில் மூடி வியர்த்துப் போயிற்று. உள்ளே கிடந்தவரின் முகம் தெரியாமல் சொந்தக்காரர்கள் துண்டால் துடைத்துத் துடைத்து அழுதார்கள். பெட்டியை வாடகைக்கு விடுகிறவன் அவன். பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது யாரும் துடைக்கவில்லை.

"அப்பா மொகத்தப் பாருங்கண்ணே, என்னா தெளிவு!" என்றான் செத்தவரின் மகன் தனவேல்.

புண்ணியவான்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். வட்டச் செயலாளர் வேங்கடபதி உயிரோடு இருந்தபோது அவரைப் புண்ணியவான் என்று இவர் சொன்னதாகத் தெரியவில்லை.

பெட்டிக்காரன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான்.

குளிர் போய்விட்டது. குளிர் போயிற்று என்றால், பெட்டியைக் குளிர்விக்கும் கேஸ் வெளியே வந்துகொண்டிருக்கிறது.

அந்தக் காலத்துப் பெட்டி. அதற்கு உரிய கேஸ் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. புதிதாக வருவது எதுவும் அதற்குச் சேரவில்லை. போன வாரம், வீட்டு அடுப்பிலிருந்து சிலிண்டரைக் கழற்றி வந்து நிரப்பிவிட்டான். ஜம்மென்று குளிர்ந்தது. கேட்டவர்களிடம் ஃபாரின் கேஸ் என்றான். 'இறுதிப் பயணத்தில் இதமான சேவை' என்று பெட்டியின் பக்கவாட்டில் புதிதாக எழுதவும் செய்தான்.

சமையல் கேஸ் மேலே போகாது. தரையில்தான் தேங்கும்.

தரையில், தலைமாட்டில், விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மோந்து பார்த்தான். ரோஜா மாலை. சாம்பிராணி. பன்னீர். கரைவேட்டிகளின் வியர்வை. ஒன்றும் பிடிபடவில்லை.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும், வீடு காலியாகிவிடும். காலியான வீட்டுக்கு வெளியே நின்று எல்லோரும் அவனைத் தேடுவார்கள்.

வாசலில் சரவெடி.

அவனுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. எதுவும் ஆகவில்லை. கட்சித் தலைவர் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

தலைவருக்குப் பின்னால் கட்சிக்காரர்களும் ஒரு கேமராக்காரரும் திமுதிமுவென்று நுழைந்தார்கள். விளக்கைச் சுற்றிக் கால்கள், கால்கள்.

"ஐயா... போயிட்டீங்களே ஐயா!"

பெட்டிக்காரன் அலறிக்கொண்டு தலைமாட்டில், விளக்கின் மேலேயே குப்புற விழுந்தான். வேங்கடபதியோடு அவன் ஒருநாளும் பேசியதில்லை. விளக்கு அவன் நெஞ்சுக்கு அடியில் சாய்ந்து அணைந்தது. எண்ணெய் சுட்டதில் இரண்டாவது அலறல் இன்னும் நன்றாக வந்தது.

கூட்டம் கலங்கியது. காலையிலிருந்து முறைவைத்து அழுதுகொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மூக்கு தரையோடு ஒட்டிக் கிடந்தபோதுதான் தெரிந்தது.

அவன் வீட்டு அடுப்படி வாசம்.

பதறி எழுந்தான். "வெளிய போங்க... எல்லாரும் வெளிய போங்கய்யா..."

"விடுங்கப்பா, துக்கத்துல பேசுறான்" என்ற குரலோடு கனமான ஒரு கை அவன் தோளில் விழுந்தது. தலைவர். அவனை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். "இப்படி ஒரு தொண்டன் இருக்கும்போது இயக்கத்தை எவன் அழிக்க முடியும்?"

கைதட்டலாமா கூடாதா என்று கூட்டம் தடுமாறியது.

"வெளக்கு அணைஞ்சிருச்சே" என்றான் தனவேல்.

"நானே ஏத்துறேன். தீப்பெட்டியக் குடு" என்றார் தலைவர்.

அவன் திமிறினான். முகம் தலைவரின் சட்டையில் அமுங்கிக் கிடந்ததில் அவன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. தலைவர் பிடியை இறுக்கி அவனையும் சேர்த்துக்கொண்டு குனிந்தார். படத்தில் இருவரும் விழவேண்டும்.

குனிந்த இடத்தில் கண்ணாடி. செத்தவர் முகத்துக்குப் பக்கத்திலேயே அவன் முகமும். நல்ல தெளிவு.

தலைவர் குச்சியை உரசினார். ஒடிந்தது.

சுற்றி நின்ற அத்தனை பேர் சட்டைப்பையிலிருந்தும் லைட்டர்கள் வெளியே வந்தன.