இரண்டாம் முறை

அவள் விரலில் மை பளிச்சென்று இருந்தது. காலை ஏழரை மணிக்கே வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனவள், மதியம் மூன்று மணிக்கு மறுபடி வந்து நின்றாள்.

இந்த முறை தோளில் ஒரு குழந்தை. வெயில் படாமல், முகம் தெரியாதபடி துண்டால் போர்த்தியிருந்தாள். குழந்தையோடு வந்தவள் என்று வரிசையில் வழி விட்டதால் நேராக உள்ளே வந்துவிட்டாள்.

"ஐயா, ஒரே ஒரு தடவை அந்த மெஷின்கிட்ட விடுங்க" என்றாள். ஓடி வந்ததில் பேச்சே சரியாக வரவில்லை.

வாக்குச்சாவடி அதிகாரி வெளியூரிலிருந்து தேர்தல் வேலைக்கு வந்த கணக்கு வாத்தியார். ஒரு முறை பார்த்த முகத்தை மறக்கமாட்டார். காலையில் ஓட்டுப் போட்ட பிறகும் இவள் நகராமல், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றதும், போலீஸ்காரர் அதட்டி அனுப்பியதும் நினைவுக்கு வந்தன. அப்போதே நோட்டம் விட்டிருக்கிறாள் என்று இப்போது தோன்றியது.

ஆளுங்கட்சி ஏஜென்ட் எழுந்துவிட்டார். இது கள்ள ஓட்டு, எதிர்க்கட்சி அனுப்பிய ஆள், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எதிர்க்கட்சி ஏஜென்ட் சும்மா விடுவாரா? வீடு வீடாகப் போய் ஆள் பிடித்தது யார் என்று ஊருக்கே தெரியும் என்றார். குழந்தைகூட இரவல்தான் என்று வரிசையில் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

இருவரும் போட்ட சத்தத்தில் அவள் சொன்னது எடுபடவில்லை. டவுனுக்கு பஸ்ஸே இல்லை, எல்லாம் தேர்தல் வேலைக்குப் போய்விட்டது என்றாள். ஓட்டுப் போட வந்தவளுக்கு டவுன் பஸ் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் போதுங்க. உங்க கால்ல விழறேன்."

"ஒரு தடவை போட்டாச்சுல்லம்மா? ரெண்டாவது தடவை மெஷினைத் தொட்டா ஜெயில்தான்" என்றார் அதிகாரி.

"ஜெயில்ல போடுங்க. அதுக்கு முன்னாடி மெஷினைக் குடுங்க."

போலீஸ்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். இழுபறியில் துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

நாலு வயதுப் பையன். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் உள்வாங்கின. அறை அடங்கியதும், அவன் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது.

அவள் கண்ணாடிக் கதவைக் காட்டினாள். "ஓட்டு மெஷின் இல்லைங்க. அந்த ரூம்ல இருக்குது பாருங்க, மூச்சுத் திணறலுக்கு மருந்து வைக்கிற மெஷின். மருந்தும் மாஸ்க்கும் என்கிட்ட இருக்கு."

அந்தக் கட்டிடம் ஊரின் ஆஸ்பத்திரி. டாக்டர் இல்லை என்று இழுத்துப் பூட்டி இரண்டு வருடம் ஆகிறது. நேற்றுத்தான் தேர்தலுக்காகத் திறந்து, கழுவிவிட்டு, கரண்ட் கொடுத்திருந்தார்கள். அதிகாரிக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சாவிக்கொத்து அதிகாரியிடம்தான் இருந்தது. மூன்றாவது சாவிதான் சேர்ந்தது. ஆளுங்கட்சி ஏஜென்ட் மெஷின் மேலிருந்த தூசியைத் தன் தோள் துண்டால் துடைத்தார். எதிர்க்கட்சி ஏஜென்ட் மண்டியிட்டு பிளக்கை மாட்டினார். அவளே மருந்தை ஊற்றி, மாஸ்க்கை மகன் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கால் மணி நேரம் வாக்குப்பதிவு நின்றது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. விசில் சத்தம் மெல்லக் குறைந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. பையன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான்.

அதிகாரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இனிமேல் பயமில்லையே என்று கேட்டார். இந்த மாதிரி வந்தால் மறுநாள் வரைக்கும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை வைக்க வேண்டும் என்று டவுன் டாக்டர் சொல்லியிருப்பதாக அவள் சொன்னாள்.

அவர் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டிகளை ஏற்றிவிட்டு, கட்டிடத்தைப் பூட்டிச் சாவியை மேலிடத்தில் ஒப்படைத்தாக வேண்டும், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

அவள் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த எலெக்‌ஷன் எப்பங்க வரும்?"