மூன்றாவது புகார்

"இன்னும் ஒரே ஒரு புகார் வந்தா உன் சீட்டு காலி. அப்புறம் நானே நெனச்சாலும் தடுக்க முடியாது."

டீம் லீடர் தன் ஹெட்செட்டை அவளுடைய கம்ப்யூட்டரில் செருகிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த வாரத்தில் அவள் மேல் இரண்டு புகார் ஆகிவிட்டது. வாயைத் திறந்தாலே எரியும் என்பதால் ஆபீசில் அவளுக்குப் பச்சைமிளகாய் என்றே பெயர்.

"புரியுது சார்."

"என்ன புரியுது? வீட்டுக்காரர் வேலையில்லாம உக்காந்திருக்கார்னு நீதானே சொன்ன? கொஞ்சம் நாக்கை அடக்கினா கொறைஞ்சா போயிடுவ?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் கால் வந்துவிட்டது.

அவர்கள் கம்பெனி விற்பது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் ஆப். டீ குடிக்கிற காசுக்கு ஒரு வாரம் பார்க்கலாம் என்று விளம்பரம். வாரம் முடிந்ததும் ஒரு வருஷத்துச் சந்தாவைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். எடுத்த பிறகுதான் ஜனங்களுக்கு இந்த வாடிக்கையாளர் சேவை நம்பர் கண்ணில் படும்.

"வணக்கம்மா. தையல் கடை வச்சிருக்கேன். ஒரு வாரத்துக்குத்தானேன்னு அழுத்திட்டேன், வருஷத்துக்கே எடுத்துட்டாங்க. தப்பு என்மேலதான். மெஷின் தவணைக்கு வச்சிருந்த பணம்மா... திரும்பக் கிடைக்குமா?"

"எடுத்த பணம் திரும்ப வராதுங்க. அடுத்த வருஷம் வேணும்னா பாதி விலைக்குத் தர்றோம்."

அப்பாடா, ஒழுங்காகப் பேசுகிறாள். டீம் லீடர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அப்படியா... சரிம்மா. வேலை நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோ. வச்சுடறேன்."

பச்சைமிளகாய் கண்ணை மூடித் திறந்தாள்.

"ஏங்க, விலையையே படிக்கத் தெரியல. உங்க பிள்ளைக்கு எதுக்குங்க கணக்கு?"

டீம் லீடருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன சொன்ன?" என்றார் போனில் அந்த அம்மா.

"காதும் கேக்காதா?"

அதுவரை குழைந்துகொண்டிருந்த குரல் வெடித்தது. "யாரைப் பாத்துடி பேசுற? உன்மேல புகார் குடுக்காம விடமாட்டேன்! உன் பேரைச் சொல்லு!"

அவள் தன் பெயரையும் ஐடி நம்பரையும் நிதானமாகச் சொன்னாள்.

டீம் லீடர் ஹெட்செட்டைப் பிடுங்கிப் போட்டார். "பைத்தியமா உனக்கு? வச்சுட்டுப் போக இருந்த அம்மாவை வலிய வம்புக்கு இழுக்கிற! யார் மேல புகார்னு வந்தாலும் முழுப் பணத்தையும் இன்னைக்கே திருப்பணும். மேனேஜர் யார் கழுத்தைப் பிடிப்பார்? என் கழுத்தை!"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா? எந்திரி. கெளம்பு."

அவள் மேஜை இழுப்பறையிலிருந்த கைப்பையை எடுத்தாள். தண்ணீர் பாட்டிலை மூடும்போது மூடி கைதவறிக் கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுத்தாள். அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை தடவைதான் சொல்வது?

அவள் கதவை நோக்கி நடக்கும்போதே அடுத்த கால் வந்தது. மற்ற எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவரே அவள் சீட்டில் உட்கார்ந்தார். டீம் லீடரான பிறகு அவர் ஒரு போன் காலைக்கூட எடுத்ததில்லை.

"சார், வணக்கம். பஸ் டிரைவர் பேசறேன். வண்டி எடுக்கணும், சுருக்கமா சொல்லிடறேன். உங்க ஆப் என் வாடகைப் பணத்தை எடுத்துடுச்சு. தப்பு என்மேலதான் சார், சரியாப் படிக்கல. ஏதாவது பண்ண முடியுமா?"

அவர் திரையைப் பார்த்தார். இரண்டே பொத்தான்கள். ஒன்று சலுகை. இன்னொன்று புகார். அது சாம்பல் நிறத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளரே வாய்விட்டு அந்த வார்த்தையைச் சொன்னால்தான் விழிக்கும். 'புகார் குடுங்க' என்று ஊழியர் எடுத்துக் கொடுத்தால் கால் பதிவு காட்டிக்கொடுத்துவிடும், அன்றே வேலை போய்விடும்.

"அடுத்த வருஷம் பாதி விலைக்கு..." வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.

"வேணாம் சார். வீட்டு ஓனர்கிட்ட எப்படியாவது தவணை கேட்டுக்கறேன். உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க."

மன்னிச்சுக்குங்க.

தையல்கார அம்மாவும் இதைத்தான் சொன்னார். இந்த வாரத்து மற்ற இரண்டு பதிவுகளையும் டீம் லீடர் கேட்டிருக்கிறார். அவள் திட்டுவதற்கு முன்னால் அவர்களும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். சண்டை போடத் தெரிந்தவன் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். மன்னிப்புக் கேட்கிறவன் சும்மா போகிறான்.

நிமிர்ந்து பார்த்தார். பச்சைமிளகாய் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் காதில் இருந்த ஹெட்செட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டார்.

"சார், வச்சுடாதீங்க."

"சொல்லுங்க சார்."

"இந்த ஒரு வரியப் படிக்கத் தெரியாத உம்மை நம்பி எப்படிய்யா ஜனங்க பஸ்ல ஏறுறாங்க?"

அந்தப் பக்கமிருந்து வந்த வசவில் அவருடைய ஏழு தலைமுறையும் இருந்தது. கடைசியில் அந்த வார்த்தையும் வந்தது.

பொத்தான் விழித்துக்கொண்டது. அழுத்தினார். தன் பெயரையும் ஐடி நம்பரையும் நிதானமாகச் சொன்னார். முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தார்.

"வந்து உக்காரும்மா. அடுத்த ஆளும் மன்னிப்புக் கேட்டா நீயே பேசு. எனக்கு இன்னும் காரம் பத்தல."