புரியாத புருஷன்

"இதுக்கு மேல என் மண்டையில ஏறாது, விடு!" கையில் சுற்றியிருந்த பட்டையைப் பிடுங்கப் போனான் புருஷன்.

"ஐயோ, கழட்டாதே! காத்து முழுசா இறங்கட்டும். அதுவரைக்கும் அசையக் கூடாது. பொறு ராசா!" அவன் கையை அமுக்கிப் பிடித்தாள் அவள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அது. அதற்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. எழுதியதை முதலில் புருஷனிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்வாள். அவனுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்பது அவள் கணக்கு.

வேலை போய் வீட்டிலிருந்தவனுக்கு இப்போதுதான் ஆன்லைனில் ஏதோ வேலை கிடைத்திருந்தது. அன்றிலிருந்து மனுஷன் இன்னும் மக்காகிவிட்டான். "ஏன் அசையக் கூடாது? அசைஞ்சா என்ன ஆகும்?" என்று குடைந்தெடுத்தான். மேஜையில் கவிழ்ந்து கிடந்த அவன் போனை ஓரமாக நகர்த்திவிட்டு, அவளும் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தாள்.

"ஆபீஸ்ல ஏதோ ஏஐ கொண்டு வராங்களாம். அது நல்லா எழுதிட்டா என் சீட்டு காலி" என்றவள், தானே சிரித்துக்கொண்டாள். "ஜனங்க எங்கே தடுமாறுவாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? உன்னை மாதிரி ஒரு புருஷனா இருக்கான் அதுக்கு?"

அவன் சிரிக்கவில்லை. "சரி, அடுத்த படியைச் சொல்லு" என்றான்.

அடுத்த மாதம், மீட்டிங் அறைத் திரையில் ஏஐ அதே கருவிக்குக் கையேடு எழுதியது. தப்புக் கண்டுபிடிக்கப் பேனாவைத் திறந்து வைத்திருந்தவள் அதை மூடி வைத்தாள். கையை எங்கே வைக்க வேண்டும், அவசரப்பட்டு எங்கே கழற்றுவார்கள், எல்லாம் அவள் சொல்லும் அதே வரிசை. தன் தலைக்குள் புகுந்து யாரோ அள்ளிக்கொண்டு போன மாதிரி இருந்தது. எவரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள்! பக்கத்து சீட்டுக்காரியை முறைத்தாள்.

"இதையெல்லாம் இதுக்கு யார் சார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள்.

"சம்பளத்துக்கு ஆள் வெச்சிருக்கோம் மேடம். வீட்டுல இருந்தே வேலை" என்றார் அதை விற்க வந்தவர். "விஷயம் தெரிஞ்சவங்களைப் பேச வெச்சு, ரெக்கார்ட் பண்ணி அனுப்புவாங்க. அதைக் கேட்டுத்தான் இது கத்துக்குது."

மேனேஜர் திரையைப் படித்துக்கொண்டே வந்து, மூன்றாவது படியில் நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"எல்லாம் பிரமாதம். 'காற்று இறங்கும்வரை அசையாதீர்கள், பொறு ராசா'ன்னு போட்டிருக்கே... யாரு சார் அந்த ராசா?"