வத்தேகம வேங்கையின் கடைசிப் பிடி

"இந்தக் கண்றாவியை எழுதினது யாரு? முன்னால வரச் சொல்லுங்க!"

ராக்கம்மா துண்டுப்பிரசுரத்தை மேசையில் அறைந்த வேகத்தில் தேநீர்க் கோப்பை துள்ளி அடங்கியது. கண்டியில் அந்தச் சின்ன மண்டபத்தில் நாலு மணிக்குப் படம். அப்போது மணி இரண்டரை.

மேசைக்குப் பின்னால் இருந்த சயந்தன் எழுந்தான். வார நாள்களில் வங்கி உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமையில் திரைப்படக் கழகச் செயலாளர்.

"நான்தான் அக்கா எழுதினனான். வாங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ."

"உக்கார்றதுக்கு வரல."

அவளுக்குப் பின்னால், இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தபடி அவள் புருஷன் லெட்சுமணன் வந்து சேர்ந்தார். பதினாறு வருடங்களுக்கு முன், கலியாண வீடியோ எடுக்கும் சுந்தரலிங்கம் அதே கமராவால் எடுத்த 'வத்தேகம வேங்கை' என்ற மல்யுத்தப் படத்தின் கதாநாயகன் அவர்தான். வந்த காலத்தில் மூன்று நாள்கூட ஓடாத படம். இப்போது இளவட்டங்கள் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்து, விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வசனம் முழுக்க மனப்பாடம். இன்று இங்கேயும் அதே படம்தான்; முடிந்ததும் லெட்சுமணனுக்குப் பொன்னாடை.

"மக நிஷாந்தினி இதை போன்ல வாசிச்சுக் காட்டினா. வயிறு பத்தி எரியுது. இதுல ஒரு வரிய வெட்டணும். இல்லன்னா பொன்னாடையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இவரைக் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸிலயே போயிருவேன்!"

சயந்தன் மேசையிலிருந்த கட்டிலிருந்து அவசரமாக ஒரு தாளை உருவினான். கதாநாயகனே நேரில் வருகிறார் என்று சொல்லித்தான் இருநூறு பேரை அழைத்திருந்தான்.

"எந்த வரி அக்கா?"

"எழுதின ஆளு வாயாலேயே வாசிங்க. எதுன்னு நான் சொல்றேன்."

சயந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"'உலக சினிமா இதுவரை கண்டிராத காவியம் இது. மல்யுத்த மேடையைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிறுதான் முதல் காட்சியில் மாட்டையும் கட்டியிருக்கிறது. இப்பேர்ப்பட்ட சிக்கனம் மேதைகளுக்கே வரும்.'"

"உண்மைதான். அது எங்க மாடு. மேல வாசிங்க."

"'வேங்கை ஓடும்போது அதற்கு முன்னால் அதன் தொப்பை ஓடுகிறது.'" அவன் லெட்சுமணனின் முகத்தைப் பார்க்காமல் அவசரமாகச் சொன்னான். "இதை வெட்டிவிடுறன் அண்ணை. பகிடிக்கு எழுதினது."

"அது கெடக்கட்டும்," என்றாள் ராக்கம்மா. "தொப்பை இருந்துச்சுதானே."

லெட்சுமணன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"'இடைவேளைக்குச் சற்று முன், லொறியிலிருந்து குதிக்கும் வேங்கை போடுகிற அலறல் ஒன்றுதான் படத்திலேயே இயல்பான நடிப்பு.'"

"தம்பி, அது வந்து..." என்று தொடங்கினார் லெட்சுமணன்.

"நீங்க சும்மா இருங்க. அவரு வாசிக்கட்டும்."

சயந்தனுக்கும் கோபம் வந்தது. "அக்கா, நான் இந்தப் படத்தைப் பதினேழு தரம் பாத்தனான். விருப்பமில்லாமலா பாத்தனான்? பகிடியை விளங்கிக்கொள்ளாமல் இப்பிடிச் சண்டைக்கு வந்தால் என்ன செய்யிறது?"

"நக்கலடிங்க, யாரு வேணாம்னா? நக்கலுக்கும் ஒரு நாயம் வேணாமா? வாசிங்க!"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தான்.

"'இடைவேளைக்குப் பிறகு வேங்கை முகமூடி போட்டுக்கொள்கிறது. போட்டதும் அரை அடி உயரம் குறைந்துவிடுகிறது. பிறகு கடைசிவரை பெண்பிள்ளையைப் போலச் சண்டை போடுகிறது. வில்லனை வீழ்த்தும் அந்தக் கடைசிப் பிடி இருக்கிறதே, அதில் ஒரு கோழிக்குஞ்சுகூட அடங்காது.'"

"நிறுத்துங்க! அதுதான். அதை வெட்டுங்க. இருநூறு தாள்லயும் வெட்டுங்க, இப்பவே!"

இதுவரை கத்தியவள் இப்போது அழுதுவிடுவாள் போலிருந்தது. சயந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொப்பைக்குக் கோபப்படாத மனுஷி கோழிக்குஞ்சுக்கு ஏன் இந்தப் பாடு படுகிறாள்?

"அண்ணையை நோகடிக்க எழுதேல்ல அக்கா..."

"இவரைப் பத்தி இப்ப யாரு பேசினா?"

லெட்சுமணன் மெல்ல இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். "தம்பி, பேசாம வெட்டிருங்க. சொன்னாக் கேளுங்க."

"இல்லை அண்ணை, எழுதினதில பொய் இல்லையே. அந்தப் பிடியைப் பாத்தால் சின்னப் பிள்ளைக்கும்..."

அவன் முடிக்கவில்லை. ராக்கம்மா மேசையைச் சுற்றி வந்தது மட்டும்தான் தெரிந்தது. மறுகணம் அவனுடைய வலது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருந்தது. மூக்கு துண்டுப்பிரசுரக் கட்டின் மேல் அழுந்தியிருந்தது. வத்தேகம மரக்கறிச் சந்தையில் கோவா மூட்டை தூக்கும் கை. மணிக்கட்டில் ஒரு முறுக்கு, தோளில் ஒரு முழங்கை. அசைய முடியவில்லை. பதினேழு தரம் பார்த்த அந்தப் பிடி அவனுக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

"லொறியில இருந்து குதிச்சுக் காலை ஒடிச்சுக்கிட்டு இவரு மூணு மாசம் ஆஸ்பத்திரியில," என்றாள் ராக்கம்மா, அவன் காதருகே குனிந்து. "மிச்சப் படத்துல முகமூடிக்குள்ள யாரு இருந்தான்னு நெனச்சீங்க? பதினாறு வருசமா பேரும் இவருக்கு, இன்னைக்குப் பொன்னாடையும் இவருக்கு. அது போகட்டும். இப்ப நீங்க சொல்லுங்க, கோழிக்குஞ்சு அடங்கிருச்சா, இல்லையா?"