ஒரு பாயின்ட் கூட விடாத தேவிப்பிரியா

“அவள பேக்லயே வுடுங்க ஜெனி. நல்லா இருக்கிறத எதுக்கு நோண்டிக்கினு?” என்றார் கேசவன் மாஸ்டர்.

“எனக்கு மட்டும் ஆசையா மாஸ்டர்? ஸ்டேட் டீம்ல பின்னால நின்னு தடுக்கற பேக் இடமெல்லாம் ஃபுல்லாயிடுச்சாம். மிட்ஃபீல்டுல ஒரே ஒரு இடம்தான் காலி. பத்து மணிக்குள்ள பேரு அனுப்பணும்” என்ற ஜெனிஃபர் கைபேசியில் மணி பார்த்தாள். ஒன்பது பத்து.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்து மணலில் ஞாயிறுதோறும் நடக்கிற ஆட்டம் இது. ஆஸ்திரேலிய ஃபுட்பால். முட்டை மாதிரி பந்து; கையில் பிடிக்கலாம், குத்தலாம், காலால் உதைக்கலாம். வலை கிடையாது, வரிசையாக நாலு கம்பம்தான். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு பாயின்ட், ஓரமாகப் போனால் ஒன்று. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற ஜெனிஃபர், ஆபீஸ் வேலையாக இரண்டு வருஷம் மெல்போர்னில் இருந்தபோது இந்தப் பைத்தியம் பிடித்து, ஊர் திரும்பிய கையோடு பெண்கள் டீம் ஆரம்பித்துவிட்டாள். மதுராந்தகத்தில் பி.டி. மாஸ்டராக இருக்கிற கேசவன் அவளுக்குத் துணை.

பேச்சு முழுக்க தேவிப்பிரியாவைப் பற்றித்தான். பிளஸ் டூ முடித்த பெண். ஸ்டேட் டீமில் ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கும். இல்லையென்றால் சிப்பிக் கடையில் உட்கார்ந்து மாலை கோக்க வேண்டியதுதான்.

“ஒரு விஷயம்தான் மாஸ்டர் என் மண்டையைக் குடையுது. தடுக்க முடியலைன்னா பந்தை ஓரமா தட்டிவிட்டு ஒரு பாயின்ட் குடுத்துடுவாங்க. ஆறு போகாம தப்பிக்கலாம்ல? உலகத்துல எல்லா டிஃபெண்டரும் செய்யறதுதான். இவ மட்டும் மாட்டேங்கறா. விழுந்து பொரண்டு, மூஞ்சில வாங்கியாவது தடுக்கறா. மூணு மாசமா அந்தக் கம்பத்தை ஒரு பந்து தாண்டலை!”

“ரோஷக்காரி ஜெனி. அத்தோட வுடுங்க.”

விட ஜெனிஃபருக்கு மனசு வரவில்லை. தேவிப்பிரியாவைக் கூப்பிட்டாள்.

“ஏண்டி, ஒரே ஒரு பாயின்ட் விட்டா என்னடி குறைஞ்சிடும்?”

“ஐயோ, ஒண்ணு வுட்டாலும் எல்லாம் போச்சுக்கா” என்றாள் தேவிப்பிரியா. பக்கத்தில் நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். திரும்பி ஒரு முறை முறைத்தாள், அடங்கிவிட்டார்கள்.

“சரி, மிட்ஃபீல்டு ஆடறியா? செங்கல்பட்டுல நடக்கற ஸ்டேட் செலக்ஷனுக்கு உன் பேரை அப்படித்தான் குடுக்க முடியும்.”

அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! அடுத்த நொடியே கம்பங்களைத் திரும்பிப் பார்த்தாள், வெளிச்சம் காணோம்.

“ஆடறேங்கா. ஆனா இங்க வாணாம். நேரா செங்கல்பட்டுலயே ஆடிக்கறேன்.”

“நல்லா இருக்கே கதை! நான் பாக்காம எப்படிடி எழுதி அனுப்பறது? போ, பத்து நிமிஷம் நடுவுல ஆடிக் காட்டு.”

வேண்டா வெறுப்பாகத்தான் போனாள். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் ஜெனிஃபர் மணி பார்ப்பதையே மறந்துவிட்டாள். என்ன வேகம்! இரண்டு பேருக்கு நடுவே புகுந்து பந்தை அள்ளுகிறாள், வளைகிறாள், ஓடுகிற தோழியின் கைக்குச் சரியாகக் குத்தி அனுப்புகிறாள். ஐந்து பந்தில் ஐந்தும் அவளுக்கே. ஆனால் ஒவ்வொரு தடவையும் பந்தைக் கொடுத்த மறுகணம், நாய் துரத்துகிற மாதிரி கம்பத்துக்குத் திரும்பி ஓடுகிறாள்.

“இன்னா ஜெனி இது? காலு நடுவுல கீது, கண்ணு பின்னால கீது!” என்றார் மாஸ்டர்.

“திரும்பாதடி! இந்தத் தடவை நடுவுலயே நில்லு!” என்று கத்தினாள் ஜெனிஃபர்.

தேவிப்பிரியா நின்றாள். எதிரணிப் பெண் உதைத்த பந்து அவள் தலைக்கு மேலே பறந்து, நடுக் கம்பங்களுக்கிடையே புகுந்து, அங்கே ஏற்றி வைத்திருந்த படகுகளையும் தாண்டி விழுந்தது.

மூன்று மாதத்தில் முதல் கோல். உதைத்தவளே கொண்டாடவில்லை. அத்தனை பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தேவிப்பிரியா பொத்தென்று மணலில் உட்கார்ந்தாள்.

“போச்சுக்கா. முடிஞ்சுது.”

“ஒரு கோலுக்கா இப்படி உட்கார்ந்துட்ட? அடிப்பாவி, நீ நடுவுல ஆடறதைப் பார்த்து எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பேக்தான் உன் உசுருன்னு நினைச்சுல்ல பயந்துக்கிட்டிருந்தேன்!”

“உசுரா? எனக்கு அங்க நிக்கவே புடிக்காதுக்கா. கோலு போனா இன்னா, போவாட்டி இன்னா?”

அவ்வளவு போதும். ஜெனிஃபர் ‘மிட்ஃபீல்டு’ என்று அடித்து, பெயரை அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். ஆனால் குடைச்சல் தீரவில்லை.

“அப்புறம் எதுக்குடி மூஞ்சிய ஒடச்சுக்கிட்டு மூணு மாசமா தடுத்த?”

தேவிப்பிரியா படகுகள் பக்கம் கண்ணைக் காட்டினாள். அவற்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று ஜெனிஃபருக்குத் தெரியாது. பந்து ஒரு நாளும் அங்கே போகாததால் எடுக்கப் போகும் வேலையே அவளுக்கு வந்ததில்லை.

அங்கிருந்து, இடுப்பில் சொருகிய புடவையோடு, நெத்திலி ஒட்டிய பந்தைத் தூக்கிக்கொண்டு தேவிப்பிரியாவின் அம்மா வச்சலா வந்தாள்: “ஏண்டி, காயப் போட்ட கருவாட்டு மேல ஒரு பந்து வுழுந்தாலும் அன்னியோட உன் ஆட்டம் கட்டுன்னு சொன்னேனா இல்லியா? இனிமே இந்தப் பக்கம் கால வெச்ச, தோல உரிச்சிடுவேன். நீங்க கத்துனதெல்லாம் காதுல வுழுந்துச்சு, அந்த செங்கல்பட்டுக்கே போய் ஆடு, அங்கதான் கம்பத்துக்குப் பின்னால எவளும் கருவாடு காயப் போடமாட்டா!”