கட்டில் நிற்கும் இடம்

காலைச் சோதனையில் கதிர்வீச்சு அறையின் தானியங்கிக் கட்டில் மயிரிழையும் பிசகாமல் நின்றது. பொறியாளர் மோட்டாரின் கெயினை, அதாவது பிழையைத் திருத்த அது காட்டும் முரட்டுத்தனத்தை, மேலும் ஒரு படி உயர்த்தினார். அப்போதும் கட்டில் அதிரவில்லை.

பிற்பகலில் முதல் நோயாளியாக அவருடைய மனைவியே வந்தாள். கட்டி அவளது கண் நரம்பை ஒட்டியிருந்தது.

"ஆடாதுல்ல?"

"உரசல் பிடிப்பு இல்லாம வழுக்கி ஓடுற மெஷின்ல இவ்வளவு கெயின் வச்சா பேயாட்டம் ஆடும். இதுல உள்ளுக்குள்ள நல்ல பிடிப்பு இருக்கு. காலைல பத்து தடவை பாத்துட்டேன்."

"என்னைக்கூட இப்படிப் பாத்ததில்ல நீங்க" என்று சிரித்தபடி படுத்தாள்.

அவர் வெளியேறிக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்ததும் கனத்த கதவு மூடிக்கொண்டது. உதவியாளர் பொத்தானை அழுத்தினார்.

மெக்கானிக் கைகளைத் துடைத்தவாறு வந்தார். "அண்ணே, அண்ணி படுக்கப்போற கட்டிலாச்சேன்னு மத்தியானம் பிரிச்சுப் பாத்தேன். பேரிங் எல்லாம் காஞ்சு இறுகிக் கிடந்துச்சு. கிரீஸ் அப்பிவிட்டேன். இப்ப ஒத்தை விரலால தள்ளினாலே வழுக்கிட்டு ஓடுது!"

பொறியாளர் திரையை நோக்கித் திரும்பினார். கட்டில் குறித்த இடத்தை அடைந்ததும் கதிர் பாயத் தொடங்கியது. ஆனால் கட்டில் நிற்கவில்லை; அந்த இடத்தைத் தாண்டித் தாண்டி முன்னும் பின்னும் ஆடியது.